சாபமல்ல, சரீரத்தின் பாரம்

(மருத்துவமனை ஆதரவாளர்களின் ஆண்டுக் கூடுகையில் மருத்துவமனைச் சிற்றாலய குருவானவர் ஆற்றிய உரை)



தாமிரபரணிக் கரையோரச் சபைகளிலிருந்தும், தேரிக்காட்டு ஊர்களிலிருந்தும், பிழைப்புக்காகச் சென்ற தூரப் பட்டணங்களிலிருந்தும் இவ்வாண்டும் நீங்கள் அனுப்பிய காணிக்கைகளுக்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறோம். வழக்கமாக இந்தக் கூடுகையில் புதிய கட்டடத்தைப் பற்றியோ, புதிதாக வாங்கிய கருவியைப் பற்றியோ சொல்லுவோம். அவை கண்ணுக்குத் தெரிபவை. இம்முறை கண்ணுக்குத் தெரியாத ஒரு வியாதியைப் பற்றி, மனச்சிதைவு நோயைப் பற்றிப் பேச விரும்புகிறோம். சபையில் இதற்காக வெளிப்படையாக ஜெபக்குறிப்பு கொடுக்கிறவர்கள் சிலரே. ஆராதனை முடிந்தபின் நம் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொல்லுகிறவர்கள் அநேகர்.

ஒரு தாயாரிடமிருந்து தொடங்குகிறோம். அவர்களுடைய அனுமதியோடுதான் சொல்லுகிறோம். பெயரும் ஊரும் வேண்டாம். ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில் பீடி சுற்றிப் பிழைக்கும் விதவை. ஒரு மகன், ஒரு மகள். மகன் பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது தூக்கம் குறைந்தது. சுவருக்கு அப்பால் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றான். பிறகு சாப்பாட்டில் ஏதோ கலந்திருக்கிறது என்று தட்டைத் தள்ளினான். நம் மருத்துவமனைக்கு அழைத்து வந்தார்கள். மாத்திரை தொடங்கி மூன்று மாதத்தில் நன்றாகத் தேறினான்.

அதன்பின் நடந்ததில் எங்களுக்கும் பங்கு உண்டு. அந்தப் பக்கத்துச் சிற்றூர் ஆலயம் ஒன்றில் பிரசங்கிக்கும்படி எங்களை அழைத்திருந்தார்கள். நாங்கள் அன்று தலைமுறைச் சாபத்தைப் பற்றிப் பேசினோம். முன்னோரின் பாவம் பிள்ளைகளில் வியாதியாக வெளிப்படலாம் என்ற பொருளில் சில வாக்கியங்களைச் சொன்னோம். யாரையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தாயார் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்குப் போய் மாத்திரைகளை அரிசிப் பானைக்குள் போட்டு மூடிவிட்டு, இருபத்தொரு நாள் உபவாச ஜெபம் தொடங்கினார்கள். ஜெபம் முடிவதற்குள் மகன் ராத்திரி பகல் பாராமல் ஆற்றங்கரையில் அலையத் தொடங்கிவிட்டான். தண்ணீரில் விழுந்துவிடுவானோ என்ற பயத்தில் உறவினர்கள் அவனைக் கிணற்றுக் கயிற்றால் தூணோடு கட்டிவைத்தார்கள். மறுபடி எங்களிடம் கொண்டுவந்தபோது இரண்டு மணிக்கட்டிலும் தோல் உரிந்திருந்தது.

அன்று சாயங்காலம் வராந்தாவில் அந்த அம்மாள் எங்களிடம் சொன்னது இது: “ஐயா, எங்க அண்ணனுக்கும் இதே சீக்குதான். அத மறைச்சுத்தான் எனக்குக் கலியாணம் முடிச்சாவ. என் ரத்தந்தானய்யா என் பிள்ளையக் கெடுத்துட்டு? நீங்க அன்னைக்கு ஆலயத்துல சொன்னது என்னையத்தானே?”

வேதசாஸ்திரக் கல்லூரியில் படித்ததும், இத்தனை வருட ஊழியமும் அந்தக் கேள்விக்கு முன்னால் எங்களுக்கு உதவவில்லை. மறுநாள் நம் மனநல மருத்துவரிடம் போய், மாணவரைப் போல உட்கார்ந்து கேட்டோம். அவர் கற்றுக்கொடுத்ததையும், பின்னர் நாங்கள் வாசித்து அறிந்ததையும் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளுகிறோம்.

நம் மூளையில் கோடிக்கணக்கான நரம்பணுக்கள் இருக்கின்றன. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவே மிகச் சிறிய இடைவெளி உண்டு. அந்த இடைவெளியைக் கடந்து செய்தி சொல்லும் இரசாயனப் பொருள்களில் ஒன்று டோபமின். எது முக்கியம், எதைக் கவனிக்கவேண்டும் என்று மனதுக்கு உணர்த்துவதில் இதற்குப் பெரிய பங்கு இருக்கிறது. செய்தி சொல்லி முடித்தபின் அது அங்கேயே தேங்கி நிற்கலாகாது; அகற்றப்பட வேண்டும்.

ஆற்றுப் பாசனம் அறிந்த உங்களுக்கு இது எளிதில் விளங்கும். பாபநாசத்துக்குக் கீழே கோடைமேலழகியான் அணை தொடங்கி ஸ்ரீவைகுண்டம் அணை வரை தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொரு கால்வாயிலும் மதகு உண்டு. தண்ணீர் வருவது மட்டும் விவசாயம் அல்ல. வந்த தண்ணீர் அளவாய்ப் பாய்ந்து வடியவும் வேண்டும். மதகு சரியாக வேலை செய்யாவிட்டால் தலைமடையில் பயிர் அழுகும், கடைமடையில் பயிர் கருகும். மனச்சிதைவு நோயிலும் அப்படியே மூளையின் உட்பகுதி ஒன்றில் டோபமின் மிகுந்து, நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மூளையில் குறைந்துபோகிறது என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். மிகுந்த இடத்தில் அற்பமான சத்தமும் பார்வையும்கூடப் பெரிய அர்த்தம் பெற்று, சந்தேகமாகவும் குரல்களாகவும் மாறுகின்றன. குறைந்த இடத்தில் சிந்தனையும் ஊக்கமும் வாடுகின்றன.

இதை மனிதர் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. சர்ப்பகந்தா என்னும் வேரை நம் நாட்டு வைத்தியர்கள் சித்தம் கலங்கியவர்களுக்கு வெகு காலமாகக் கொடுத்து வந்தார்கள். 1931இல் கல்கத்தாவின் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவரும் அதைப் பற்றி எழுதினார்கள். 1952இல் சுவிட்சர்லாந்தில் அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்னும் மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். 1957இல் சுவீடன் நாட்டு அர்விட் கார்ல்சன் அதை முயல்களுக்குக் கொடுத்தபோது அவை அசைவற்றுப் போயின; டோபமினாக மாறும் பொருளைக் கொடுத்ததும் மறுபடி ஓடத் தொடங்கின. டோபமின் தன்னளவிலேயே மூளையில் வேலை செய்யும் பொருள் என்பது இப்படித்தான் தெரியவந்தது. இதற்காக அவருக்கு 2000இல் நோபல் பரிசு கிடைத்தது.

அதே 1957இல் அமெரிக்காவின் ஜூலியஸ் ஆக்சல்ராட், டோபமினையும் அதைச் சேர்ந்த பொருள்களையும் மாற்றி அகற்றும் ஒரு நொதியைக் கண்டறிந்தார். அதன் நீண்ட பெயரைச் சுருக்கி ‘காம்ட்’ என்கிறார்கள். நாம் சொன்ன மதகுகளில் இது ஒன்று. முன்மூளையில் இதன் வேலை பெரிது. இந்த நொதியைச் செய்வதற்கான கட்டளை 22ஆம் குரோமோசோமிலுள்ள ஒரு மரபணுவில் எழுதியிருக்கிறது. அந்தக் கட்டளையில் ஓர் எழுத்து மனிதருக்கு மனிதர் மாறுகிறது. ஒரு வகை எழுத்துள்ளவர்களுக்கு மதகு வேகமாகத் திறக்கும். மற்ற வகையினருக்கு மெதுவாகத் திறக்கும். இரண்டு வகையும் சர்வ சாதாரணமானவை. இந்தக் கூடத்தில் இருக்கும் நம்மிலும் இரண்டு வகையினரும் நிச்சயமாய் இருப்பார்கள். பிரசங்க பீடத்தில் நிற்பவருக்கு ஒன்று, வார்டில் படுத்திருப்பவருக்கு வேறொன்று என்று இல்லை.

அப்படியானால் இந்த ஓர் எழுத்துதான் நோய்க்குக் காரணமா? இல்லை. ஒரு காலத்தில் அப்படிச் சந்தேகித்தார்கள். பெரிய ஆராய்ச்சிகள் வந்தபின் அது மட்டும் காரணமல்ல என்று தெளிவாயிற்று. 2014இல் உலகின் பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து, இந்நோயோடு தொடர்புள்ள 108 இடங்களை மனித மரபணுக் கோர்வையில் கண்டார்கள். டோபமின் வந்து சேரும் வாசல் ஒன்றின் மரபணுவும் அவற்றில் இருந்தது. 2022இல் எழுபதினாயிரத்துக்கும் அதிகமான நோயாளிகளை ஆராய்ந்து 287 இடங்கள் என்றார்கள். ஒவ்வொன்றும் தனியே ஒரு கடுகளவு பாரத்தைத்தான் கூட்டுகிறது. பல கடுகுகள் ஒரே பக்கம் சேர்ந்து, அதோடு கருவிலோ பிறப்பிலோ நேர்ந்த பாதிப்பு, இளவயதின் கடும் நெருக்கடி, கஞ்சா முதலியவை கூடும்போது தராசு சாய்கிறது.

நம் தமிழ்நாட்டிலும் இந்த ஆராய்ச்சி நடந்திருக்கிறது. சென்னையில் டாக்டர் சாரதா மேனன் அம்மையார் 1984இல் தொடங்கிய ‘ஸ்கார்ஃப்’ என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனமும் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகமும் சேர்ந்து, மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் இரத்தத்தை ஆராய்ந்து 2019இல் முடிவை வெளியிட்டன. நயாசின் என்னும் பி3 வைட்டமினை உடல் பயன்படுத்தும் வழியோடு சம்பந்தப்பட்ட மரபணு ஒன்றில் அவர்கள் ஒரு தடயம் கண்டார்கள். இதைக் கேட்டவுடன் வைட்டமின் மாத்திரை வாங்க ஓடவேண்டாம். அது இந்நோய்க்கு மருந்து என்று அவர்கள் சொல்லவில்லை. ஆராய்ச்சி செல்லும் திசை அது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957இல் தொடங்கப்பட்டது. நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கியிருந்து பராமரிக்கும் முறையை நம் நாட்டில் நிலைநாட்டிய இடங்களில் அது ஒன்று. பைத்தியக்காரர் விடுதி என்று பூட்டிவைத்த காலத்தில், தாயும் தகப்பனும் கூடவே இருக்கட்டும் என்று சொன்னது பெரிய காரியம். அந்த மையத்து மருத்துவர்களும் மரபணு விஞ்ஞானிகளும், மற்ற மருந்துகளுக்குக் கட்டுப்படாமல் குளோசபின் என்னும் மருந்து எடுக்கும் நோயாளிகளை ஆராய்ந்தார்கள். டோபமின் வாசல் ஒன்றின் மரபணுவும் காம்ட் மரபணுவும் இணைந்து, அந்த மருந்துக்குக் கிடைக்கும் பலனைப் பாதிக்கின்றன என்று 2018இல் எழுதினார்கள். ஒருவனுக்குக் கேட்கும் மருந்து இன்னொருவனுக்குக் கேட்காமல் போவது அவன் பிடிவாதமோ விசுவாசக் குறைவோ அல்ல என்பதற்கு இது ஒரு சாட்சி.

அன்பானவர்களே, அந்தத் தாயாரின் கேள்விக்கு இப்போது வருகிறோம். ரத்தத்தின் வழியாக வந்ததா? ஓரளவு ஆம். அதை மறைத்துப் பேசினால் அது ஆறுதல் அல்ல, பொய். ஆனால் எவ்வளவு? மேல்நாட்டுக் குடும்பங்களில் எடுத்த பழைய கணக்கின்படி, பொதுவாக நூறு பேரில் ஒருவருக்கு வரும் இந்நோய், நோயாளியின் உடன்பிறந்தவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 9 பேருக்கும், உடன்பிறந்தவர்களின் பிள்ளைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 4 பேருக்கும் வரலாம். மரபணு முழுவதும் ஒன்றேயான இரட்டையரில்கூட, ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கு வராமல் போவது ஏறத்தாழ பாதி. ஆகவே அண்ணன் நோயாளி என்பதால் தங்கை மகன் நோயாளி ஆகியே தீரவேண்டும் என்று எழுதிவைத்திருக்கவில்லை. நூற்றுக்கு 96 பேர் சுகமாய் இருக்கிறார்கள்.

குற்றம் யாருடையது என்று கேட்பது பழைய வழக்கம். பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்களும் அதையே கேட்டார்கள்: பாவம் செய்தது இவனா, பெற்றோரா? ஆண்டவர் இரண்டையும் மறுத்துவிட்டு அவனைக் குணமாக்கப் போனார். எசேக்கியேல் 18ஆம் அதிகாரத்தில் தீர்க்கதரிசியும், தகப்பன் குற்றத்தைப் பிள்ளைமேல் ஏற்றும் பழமொழியை இஸ்ரவேலில் இனிச் சொல்லவேண்டாம் என்கிறார். இதை நாங்கள் படித்திருந்தும் அன்று மறந்துபோனோம். கல்வியில் சிறந்த மேல்நாட்டாரும் இதில் தவறினார்கள். தாயின் வளர்ப்புதான் இந்நோயை உண்டாக்குகிறது என்று 1948 முதல் சில காலம் பெரிய மருத்துவர்களே போதித்து, ஆயிரக்கணக்கான தாய்மாரைக் குற்றவாளிகளாக்கினார்கள். அந்தப் போதனையை மருத்துவ உலகம் தள்ளிவிட்டது. சபையும் தலைமுறைச் சாபம் என்ற போதனையை நோயாளியின் வாசலில் கொண்டுபோய் வைப்பதை விட்டுவிடவேண்டும். கண்ணின் நிறமும் சர்க்கரை வியாதியும் ரத்தத்தில் வருவதுபோல இந்தப் பாரமும் வருகிறது. பாரம் வேறு, சாபம் வேறு. சாபம் என்றால் ஒதுங்கி நிற்போம். பாரம் என்றால் ஒரு பக்கம் தோள் கொடுப்போம்.

தோள் கொடுக்காமல் போனால் என்ன ஆகும் என்பதை நம் தென்மாவட்டம் கண்ணாரக் கண்டது. 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் தேதி அதிகாலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த ஒரு கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். அதை வேறு மதத்தார் ஊரில் நடந்தது என்று சொல்லித் தப்பிக்கொள்ள நமக்கு உரிமையில்லை. சில ஜெப வீடுகளிலும் கயிறும் சங்கிலியும் இருந்ததை நாங்கள் பார்த்திருக்கிறோம். மனநோயாளியை எவ்விதத்திலும் சங்கிலியிடக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்லுகிறது. கல்லறைகளுக்குள் சங்கிலியோடு அலைந்த மனுஷனை நம் ஆண்டவர் சந்தித்தபின், அவன் வஸ்திரம் தரித்து, புத்தி தெளிந்து உட்கார்ந்திருந்தான்; பிறகு தன் வீட்டாரிடத்திற்கு அனுப்பப்பட்டான். வீடு திரும்புவதே குணமாதலின் முடிவு.

அப்படியானால் ஜெபம் வேண்டாமா என்று சிலர் கேட்கலாம். ஜெபம் வேண்டும், மாத்திரையை நிறுத்திவிட்டு அல்ல, மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு. மதகு பழுதாகிவிட்டால் நாம் மழைக்காகவும் ஜெபிக்கிறோம், மதகையும் பழுது பார்க்கிறோம். இந்த மருந்துகளில் பெரும்பாலானவை டோபமின் வந்து தட்டும் வாசலை ஓரளவு அடைத்து, வெள்ளத்தைத் தணிக்கின்றன. தேறிவிட்டான் என்று நாமாக நிறுத்தினால் வெள்ளம் திரும்ப வருகிறது. ஒழுங்காகச் சிகிச்சை பெற்றால் நம்பிக்கைக்கு நிறைய இடமுண்டு. சென்னையில் முதன்முறை நோய் கண்ட 90 பேரை 1981 முதல் தொடர்ந்து கவனித்தார்கள். பத்து ஆண்டு கழித்துப் பார்த்தபோது, தொடர்பில் இருந்தவர்களில் பெரும்பாலோர் நோயின் அறிகுறிகள் தணிந்த நிலையில் இருந்தார்கள்.

அந்தப் பையனுக்கு முதலில் கொடுத்த இரண்டு மருந்துகளும் இம்முறை போதவில்லை. குளோசபின் தொடங்கினார்கள். இந்த மருந்து சிலருக்கு இரத்தத்திலுள்ள வெள்ளணுக்களை ஆபத்தான அளவு குறைத்துவிடும். ஆகவே முதல் மாதங்களில் வாரந்தோறும், பிறகு மாதந்தோறும் இரத்தம் பார்க்கவேண்டும். நடுவில் ஒரு முறை மருந்து கேட்காமல் போயிற்று. விசாரித்ததில் அவன் அம்மாவின் பீடித்தட்டிலிருந்து எடுத்துப் புகைப்பதைக் கூட்டியிருந்தான். புகை, ஈரலில் இந்த மருந்தைச் சிதைக்கும் நொதியைத் தூண்டிவிடும். மருந்து வேகமாகக் கரைந்துபோகும். திடீரென நிறுத்தினாலோ மருந்து உடலில் அளவுக்கு மீறி ஏறும். ஆகையால் பீடியை விடுவதானாலும் மருத்துவரிடம் சொல்லித்தான் விடவேண்டும். நம் ஊர்களில் இதை அநேகர் அறியார்கள். அறிந்தவர்கள் தயவுசெய்து மற்றவர்களுக்குச் சொல்லுங்கள்.

உங்கள் காணிக்கை எங்கே போகிறது என்று இப்போது விளங்கியிருக்கும். ஒன்று, மாத்திரை. இது ஒரு தடவைச் செலவல்ல, வருஷக்கணக்கில் தொடர்வது. இரண்டு, இரத்தப் பரிசோதனையும் அதற்கு வந்துபோகும் பஸ் செலவும். ஒரு நாள் பீடிக் கூலியை இழந்து வரும் தாய்க்கு இது பெரிய காரியம். மூன்று, வீடு தேடிப் போகும் ஊழியம். மருந்து வாங்க வராதவர்களை நம் சகோதரிகள் அவர்கள் ஊருக்கே போய்ப் பார்க்கிறார்கள். கல்வெட்டில் உங்கள் பெயர் பொறிக்கப்படும் செலவு அல்ல இவை. ஆனாலும் ஒரு மாதம் இவை நின்றால், எங்கோ ஒரு வீட்டில் கயிறு மறுபடி வெளியே வரும்.

பணம் அல்லாமல் சபையிடம் மற்றொன்றையும் கேட்கிறோம். தேறி வந்தவனை ஆலயத்தில் பார்த்தால் ஒதுங்காதீர்கள். பாய் விரிக்கவும், அசன விருந்தில் இலை போடவும் அவனைக் கூப்பிடுங்கள். அவன் வீட்டில் பெண் எடுக்கவோ கொடுக்கவோ பேச்சு வந்தால், ஊர்ப்பேச்சைக் கேட்காமல் மருத்துவரிடம் கேளுங்கள்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. அந்தத் தாயாரின் மகளுக்குச் சென்ற வருஷம் வரன் வந்தது. தன் கலியாணத்தில் மறைத்ததைத் தன் மகள் கலியாணத்தில் மறைக்கமாட்டேன் என்று அந்த அம்மாள் தீர்மானித்தார்கள். அண்ணனுக்கு இருக்கும் நோயைச் சொன்னார்கள். முதலில் வந்தவர்கள் காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். அன்று அந்தப் பெண் அழுததை நாங்கள் பார்த்தோம். உண்மை சொல்லும்படி ஆலோசனை சொன்ன எங்களுக்கும் மனம் கலங்கியது. சில மாதம் கழித்து வேறொரு குடும்பத்தார் வந்தார்கள். அந்த மாப்பிள்ளையின் தாயார் பேச்சை நிறுத்திவிட்டு, நேரே நம் மருத்துவமனைக்கு வந்து மருத்துவருக்கு முன்னால் உட்கார்ந்து, “எம் பேரப்பிள்ளைகளுக்கு வருமா ஐயா?” என்று கேட்டார்கள். மருத்துவர் நூற்றுக்கு 4 என்ற கணக்கைச் சொன்னார். வராது என்று சொல்லவில்லை. அந்த அம்மாள் வெகுநேரம் யோசித்துவிட்டு, “அப்போ 96 கர்த்தர் கையில இருக்கு, அந்த நாலும் அவர் கையிலதான் இருக்கு” என்றார்கள்.

கலியாணத்தன்று ஆலய வாசலில் நின்று விருந்தினருக்குச் சந்தனம் கொடுத்தது அந்த அண்ணன்தான். மணிக்கட்டில் கயிற்றின் தழும்பு இன்னும் இருக்கிறது. முழுக்கைச் சட்டை போட்டிருந்தான். காலை மாத்திரையை எடுத்துக்கொண்டாயா என்று அவன் தாயார் வாசலிலேயே கேட்டார்கள். எடுத்துவிட்டேன் என்று தலையசைத்தான்.

அந்த மாத்திரை உங்கள் காணிக்கையால் வந்தது.